சித்திக்குச் சொல்லிக் கொடுத்த இணையம்: கடல் செய்தி, ரயில் டிக்கெட், வீட்டுச் சாமான்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊரில் இருக்கும் என் சித்தி கையில் நாலு வருடமாக நல்ல போன் இருக்கிறது. வாட்ஸ்அப் பார்ப்பார், யூட்யூபில் பாட்டுக் கேட்பார். ஆனால் சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக ஒரு ரயில் டிக்கெட் வேண்டும் என்றால் கடைக்குப் போய், டிக்கெட் விலைக்கு மேல் 150 ரூபாய் கொடுத்துத்தான் எடுப்பார். "தப்பா அமுக்கிட்டா காசு போயிருமேய்யா" என்பதுதான் அவர் பயம். அது நியாயமான பயம். அதனால் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, காசு செலவில்லாத வேலையில் ஆரம்பித்து, காசு கட்டும் வேலைக்குக் கடைசியில் வந்தேன். இங்கேயும் அதே வரிசைதான். நீங்களும் அப்படியே பழகுங்கள்.

படி 1: வாயால் கேளுங்கள்

கூகுளைத் திறந்தால் தேடும் கட்டத்தின் ஓரத்தில் மைக் படம் இருக்கும். அதைத் தொட்டுவிட்டுத் தமிழில் பேசுங்கள். தமிழ் எடுக்கவில்லை என்றால், அதன் அமைப்புகளுக்குள் குரலுக்கான மொழி என்ற இடத்தில் தமிழைச் சேர்க்க வேண்டும். ஒருமுறை செய்தால் போதும்.

கேட்கும்போது ஊர், நாள், பொருள் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். "காத்து எப்படி" என்று சித்தி கேட்டதற்கு என்னென்னவோ வந்தது. "மண்டபம் நாளை காற்று வேகம்" என்று கேட்டதும் வேண்டியது வந்தது.

படி 2: எந்தக் கரையில் இறங்கியிருக்கிறோம் என்று பாருங்கள்

இந்தப் பதிவில் நீங்கள் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

தேடியதும் மேலே வரும் முதல் இரண்டு மூன்று வரிகள் பல நேரம் விளம்பரம். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருக்கும். காசு கொடுத்து மேலே ஏறியவை அவை. அவற்றில் நல்ல கடையும் இருக்கலாம், திருடனும் இருக்கலாம். அவற்றைத் தாண்டிக் கீழே போங்கள்.

அப்புறம் ஒரு பக்கம் திறந்ததும், திரையின் உச்சியில் இருக்கும் முகவரியைப் படியுங்கள். தொடக்கத்தில் 'ஹெச்டிடிபிஎஸ்' என்பதோடு இரட்டைச் சாய்கோடு தெரிந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோடு வரைக்கும் போய், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கடைசித் துண்டுகள்தான் அந்த இடம் யாருடையது என்று சொல்லும். ரயில் டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன். அரசு பஸ்ஸுக்கு டிஎன்எஸ்டிசி டாட் இன். மத்திய, மாநில அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் ஜி, ஓ, வி அப்புறம் ஐ, என் என்று முடியும். முகவரியின் முன்பாதியில் 'ஐஆர்சிடிசி' என்று இருந்து, கடைசியில் 'ரீஃபண்ட் ஹெல்ப் டாட் ஷாப்' என்று முடிந்தால் அது ரயில்வேயின் இடம் இல்லை. முன்னால் என்ன பெயர் வேண்டுமானாலும் யாரும் எழுதிக்கொள்ளலாம்.

பூட்டுப் படம் இருந்தால் பத்திரம் என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. அந்தப் பக்கம் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பார்சல் வராமல் போனது. அந்தக் கூரியரின் சேவை எண் என்ன என்று கூகுளில் தேடி, முதலில் கண்ணில் பட்ட எண்ணுக்குப் போன் போட்டேன். மரியாதையாகப் பேசினார்கள். முகவரி சரிபார்க்க 5 ரூபாய் கட்டணும் என்று ஒரு இணைப்பு அனுப்பினார்கள். அதில் நான் தட்டிய விவரத்தை வைத்து 6,200 ரூபாயை எடுத்துவிட்டார்கள். பேசியது கூரியர் ஆட்களே இல்லை. வேறு யாரோ தங்கள் எண்ணை அந்தப் பெயரில் போட்டு வைத்திருந்தார்கள். சேவை எண் வேண்டும் என்றால் அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலிக்குள் அல்லது சொந்தத் தளத்துக்குள் போய் எடுங்கள். பொதுத் தேடலில் எடுக்காதீர்கள்.

படி 3: கடல் செய்தி

சித்தப்பா நாட்டுப்படகில் போகிறவர். வாடை, கச்சான், கொண்டல் என்று எந்தக் காற்றும் அவருக்கு முகத்தில் பட்டாலே தெரியும். ஆனாலும் வாட்ஸ்அப்பில் "பாம்பனில் 3ஆம் எண் கூண்டு ஏற்றியாச்சு" என்று, அதாவது துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாக, ஒரு செய்தி வந்தால் வீடே கலங்கும். அது போன வருடத்துச் செய்தியாகவும் இருக்கும்.

பார்க்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று இந்திய வானிலை ஆய்வு மையம். இன்னொன்று ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ். அலை உயரம், காற்று, மீன் கூடும் வாய்ப்புள்ள இடம் ஆகியவற்றைச் சொல்கிற மத்திய அரசு நிறுவனம். அவர்கள் 'சமுத்ரா' என்று ஒரு செயலியும் விட்டிருக்கிறார்கள்.

எந்த அறிவிப்பைத் திறந்தாலும் முதலில் வெளியிட்ட தேதியையும் நேரத்தையும் பாருங்கள். அடுத்து இடத்தின் பெயர். 'மன்னார் வளைகுடா' என்று சொன்னால் தென்கடல், அதாவது கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம். பாக் நீரிணைப் பக்கம் வடகடல்; தேவிபட்டினம், தொண்டி அதில் வரும். ஒன்றுக்குச் சொன்ன எச்சரிக்கை மற்றதற்கு இல்லாமல் இருக்கலாம். 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65' என்று எழுதினால், அந்த 65ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். படகைக் கவிழ்ப்பது அந்த இடையில் வரும் காற்றுதான்.

கூண்டு எண்ணும் அப்படித்தான். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 3, 4 வந்தால் மோசமான வானிலை நம் துறைமுகத்துக்கே வரலாம். அடுத்தமுறை அப்படி ஒரு செய்தி வந்தபோது சித்தி தானே மைக்கைத் தொட்டு, வானிலை மையப் பக்கத்தைத் திறந்து, தேதியைப் படித்துக் காட்டினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

படி 4: ரயில் டிக்கெட்

ஐஆர்சிடிசி செயலியையோ, 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியையோ பிளே ஸ்டோரிலிருந்து இறக்குங்கள். யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து இறக்க வேண்டாம். உங்கள் பெயர், மொபைல் எண், ஒரு கடவுச்சொல் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, ஆதாரையும் இணைத்துவிடுங்கள். 2025 ஜூலை முதல் ஆதார் இணைக்காமல் இணையத்தில் தட்கல், அதாவது கடைசி நேர அவசர டிக்கெட், எடுக்க முடியாது.

புறப்படும் ஊர், சேரும் ஊர் கேட்கும். ராமேஸ்வரத்துக்கு ஆர்எம்எம், ராமநாதபுரத்துக்கு ஆர்எம்டி. இரண்டும் ஒரு எழுத்து வித்தியாசம்தான், பார்த்துத் தொடுங்கள். சேரும் இடத்தையும் கவனியுங்கள்: புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தபோது விட்ட புது ரயில் தாம்பரத்தோடு நின்றுவிடும். மகள் எழும்பூரில் காத்துக்கொண்டிருந்தால் வீண் அலைச்சல்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 அக்டோபர் வரை இது 120 நாளாக இருந்தது. பழைய கணக்கை நினைத்துக் குழம்ப வேண்டாம். தட்கல் முந்தின நாள்: ஏசிக்கு காலை 10 மணி, ஏசி இல்லாததற்கு 11 மணி.

வயது போடும் இடத்தில் சரியாகப் போடுங்கள். பெண்களுக்கு 45, ஆண்களுக்கு 60 ஆகிவிட்டால் கீழ்ப்படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. 'கோட்டா' என்ற இடத்தில் 'லோயர் பெர்த், சீனியர் சிட்டிசன்' என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். சித்திக்கு முழங்கால் வலி. இத்தனை வருடம் மேலே ஏறி இறங்கிக் கஷ்டப்பட்டவருக்கு இந்த ஒரு கட்டம் பெரிய உதவி.

காசு கட்டுமுன் டிக்கெட் நிலை தெரியும். 'ஆர்ஏசி' என்றால் ரயில் ஏறலாம், உட்கார இடம் உண்டு. 'டபிள்யூஎல்' (காத்திருப்போர் பட்டியல்) என்று இருந்து, ரயில்வே பயணிகள் பட்டியல் போட்ட பிறகும் மாறாவிட்டால் டிக்கெட் தானே ரத்தாகிவிடும். காசு கட்டிய கணக்குக்கே திரும்பும், அதைக் கேட்டு யாருக்கும் போன் போட வேண்டியதில்லை. அந்த டிக்கெட்டோடு ரயில் ஏறவும் கூடாது. சந்தேகம் வந்தால் ரயில்வே உதவி எண் 139.

யூபிஐயில் கட்டினால் ஏசி இல்லாத பெட்டிக்குச் சேவைக் கட்டணம் 10 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி தனி. சித்தி அதைப் பார்த்துவிட்டு, கடையில் கொடுத்த 150ஐ நினைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

படி 5: சாமான் வாங்குவது

பெரிய கடைச் செயலிகளில் முதலில் உங்கள் பின்கோடைப் போடுங்கள். நம் மாவட்டத்து எண்கள் 623 என்று தொடங்கும். நம் ஊருக்கு வருமா, எப்போது வரும், கொண்டுவரக் கூலி எவ்வளவு என்பது அதன் பிறகுதான் சரியாகத் தெரியும்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு, ஒன்றும் இரண்டும் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். வாங்கியவர்களே எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது. சித்தி ஒரு பாத்திர ஸ்டாண்டு பார்த்தார், பளபளவென்று இருந்தது. கீழே விவரத்தில் '202 ஸ்டீல்' என்று போட்டிருந்தது. நம் உப்புக்காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 என்றால் தாங்கும். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் கடலோரத்தில் இருப்பவர்கள் அந்த எண்ணைப் பார்க்காமல் ஸ்டீல் வாங்கக் கூடாது.

விற்பவர் பெயர், முகவரி, புகார் அலுவலர், எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று 2020இல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. அது எதுவுமே இல்லாமல் வெறும் வாட்ஸ்அப் எண் மட்டும் இருந்தால் அங்கே வாங்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள். சாமான் சரியில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசியாக யூபிஐ பின் பற்றி. காசு கொடுக்கத்தான் பின் தட்ட வேண்டும். காசு வாங்க ஒருநாளும் தட்ட வேண்டாம். "உங்களுக்குப் பணம் அனுப்புறேன், பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் போனை வையுங்கள். அப்படியும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு. அந்தக் கூரியர் மோசடியில் ஏமாந்த நான், அன்று இரவு முழுக்க யோசித்துவிட்டு மறுநாள்தான் அழைத்தேன். நீங்கள் அப்படித் தாமதிக்காதீர்கள்.