வீல் பேரிங் சத்தமா, டயர் சத்தமா? கண்டுபிடித்து மாற்றுவது எப்படி

வண்டி நாற்பது, ஐம்பதில் போகும்போது அடியிலிருந்து ‘ஊஊம்’ என்று ஒரு முனகல் வரும். எண்பதைத் தொட்டால் பக்கத்துத் தெருவில் மாவு மில் ஓடுகிற மாதிரி கேட்கும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது வீல் பேரிங்காக இருந்தால் நாளாக நாளாகச் சூடேறும், ஆட்டம் கொடுக்கும், முற்றினால் வீலே இறுகிப் பிடித்துக்கொள்ளவும் கூடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அச்சு அசல் இதே சத்தத்தை டயரும் போடும். புது பேரிங் போட்ட பிறகும் முனகல் அப்படியே இருக்க, மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போவது ஊரெங்கும் நடப்பதுதான். அதனால் கழற்றி மாட்டுவதை விடக் கண்டுபிடிப்பதைத்தான் இங்கே நிறுத்தி நிதானமாகச் சொல்லப்போகிறேன். கணக்கு முழுவதும் முன்வீல் இழுக்கும் சின்ன கார்களுக்கு: ஸ்விஃப்ட், ஐ10 வகையறா.

பேரிங் ஏன் கெடுகிறது

வீல் சுழல்வதற்காக அதன் நடுவில் இருக்கும் இரட்டை வளையம்தான் பேரிங். உள்ளே இரண்டு வரிசை குண்டுகள், ஆயுசுக்கும் போதும் என்று அடைத்த கிரீஸ், இரு பக்கமும் ரப்பர் சீல். சீல் நன்றாக இருக்கும் வரை பேரிங்கை நாம் நினைக்கவே வேண்டியதில்லை. டிசம்பர் மழையில் முழங்கால் தண்ணீரில் வண்டியை விடும்போதுதான் வினை. ஓடிச் சூடான பேரிங் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, துருப்பிடித்து, குண்டு ஓடும் பாதையில் சின்னச் சின்னக் குழிகள் விழும். அந்தக் குழிகள் மேல் குண்டு உருளும் சத்தம்தான் நமக்குக் கேட்பது. மழை முடிந்து மாதங்கள் கழித்தே கேட்க ஆரம்பிக்கும் என்பதால் காரணம் நமக்கு மறந்திருக்கும். வேகமாகப் போய்ப் பள்ளத்தில் இறக்குவது, நடைபாதைக் கல்லில் மோதுவது இரண்டும் இதே வேலையைச் செய்யும்.

படி 1: ஓட்டிக் கேளுங்கள்

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோடு வேண்டும். ஏசி, பாட்டு இரண்டையும் நிறுத்துங்கள். அறுபதில் போகும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சாவியை அணைத்துவிடாதீர்கள், பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். என்ஜின் அடங்கியும் முனகல் குறையாமல், வண்டி வேகம் குறையக் குறைய மட்டும் இறங்கினால் என்ஜினைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

அடுத்து அதே வேகத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இடது, வலது என்று அசையுங்கள். இடது பக்கம் ஒடித்தால் வண்டியின் பாரம் வலது வீல்மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங் மேல் சந்தேகம். வலது பக்கம் ஒடிக்கும்போது கூடினால் இடது. எல்லோரும் சொல்லும் சோதனை இது, ஆனால் இதை மட்டும் நம்பிப் பேரிங் வாங்கப் போகாதீர்கள். இரண்டு வரிசைக் குண்டுகளில் எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இது சில நேரம் எதிர்ப் பக்கத்தைக் காட்டிவிடும்.

தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் பாலத்தில் ஏறும்போதும் கவனியுங்கள். ரோடு மாறினால் சத்தத்தின் தன்மையும் நன்றாக மாறுகிறதா? அப்படியென்றால் டயர்தான் முதல் சந்தேகம். பேரிங்குக்குத் தாரும் கான்கிரீட்டும் ஒன்றுதான். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்று வந்தால் அது என்ஜின் சக்தியை வீலுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட், வேறு கதை.

படி 2: டயரைத் தடவிப் பாருங்கள்

உள்ளங்கையை டயரின் பட்டன் மேல், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள் மேல் வைத்துச் சுற்றுவாக்கில் ஒரு பக்கம் தடவுங்கள், பிறகு எதிர்ப்பக்கம். ஒரு பக்கம் வழுவழுவென்று போய், மறுபக்கம் ரம்பப்பல் போலக் கையைப் பிடித்தால் டயர் கோணலாகத் தேய்ந்திருக்கிறது. உட்புற ஓரத்தையும் விடாமல் தடவுங்கள், தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சந்தேகம் தீரவில்லையா? அதே பக்கத்து முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். சத்தம் முன்னாலிருந்து பின்னால் போய்விட்டால் பேரிங் செலவு மிச்சம்.

படி 3: ஜாக்கி போட்டு ஆட்டுங்கள்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்வீல்களுக்குக் கல் வையுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். வீலைக் கழற்றி வேலை செய்வதென்றால் கீழே ஸ்டாண்டு கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நுழைக்க வேண்டாம்.

வீலை மேலும் கீழுமாகப் பிடித்து, அதாவது கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில், உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் வீலைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் பக்கம் பாருங்கள். 3, 9 இடங்களில் மட்டும் ஆட்டம் என்றால் ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் டை ராடு எண்டு.

ஆட்டமே இல்லாமலும் பேரிங் கத்தும், ஆரம்ப நிலையில் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் வீலைச் சுற்றிக்கொண்டே மறு கையின் விரல்களை காயில் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வையுங்கள். நல்ல பேரிங்காக இருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதாக இருந்தால் மணலை அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக ஏறி வரும். காதை விட விரல்தான் இங்கே நம்பகமானது. அடுத்த பக்க வீலிலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். பின்வீலைப் பார்க்கும்போது ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டியிருக்கும் என்பதால் முதல் கியரில் போட்டு, முன்வீல்களுக்குக் கல் கொடுத்துவிடுங்கள்.

படி 4: கழற்றுதல்

இனி வருவது முன்வீல் பேரிங்குக்கு. நட்டுகளுக்கு முதல் நாள் ராத்திரியே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். வீலைக் கழற்றிய பிறகு ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, நடுவில் இருக்கும் பெரிய ஆக்சில் நட்டை இளக்குங்கள். நட்டில் குத்தி மடக்கியிருக்கும் இடத்தை முதலில் நிமிர்த்த வேண்டும். பல கார்களுக்கு 30 அல்லது 32 எம்எம் சாக்கெட் பொருந்தும். அப்புறம் பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரைக் கழற்றி, ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் போச்சு. டிஸ்க், ஏபிஎஸ் சென்சார், டை ராடு எண்டு, கீழ் பால் ஜாயிண்ட், ஸ்பிரிங் நிற்கும் ஸ்ட்ரட்டின் போல்ட்டுகள் என்று வரிசையாக வந்தால், பேரிங்கைத் தாங்கும் நக்கிள் கையோடு வந்துவிடும். ஸ்ட்ரட் போல்ட்டைக் கழற்றும் முன் அது நின்ற இடத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள்.

இது வரை பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே முடியும். பயமாக இருந்தால் படி 3 வரை செய்துவிட்டு, ‘முன் வலது வீல் பேரிங்’ என்று உறுதியாகச் சொல்லி பட்டறையில் விடுங்கள். அதுவே பாதி வேலை.

படி 5: பிரஸ்ஸிங்

புது பேரிங்கின் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது. சுத்தியலால் அடித்து இறக்கினால் குண்டுகள் பாதையில் பதிந்து தடம் விழும், சில வாரத்தில் புது பேரிங்கும் பாட ஆரம்பிக்கும். ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் லேத்துப் பட்டறைக்கு நக்கிளை எடுத்துப் போங்கள், கூடவே நில்லுங்கள். பேரிங்கை நக்கிளுக்குள் தள்ளும்போது அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். அது முடிந்து, வீல் மாட்டும் ஹப்பை உள்ளே தள்ளும்போது அடியில் உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இது மாறினால் அழுத்தம் முழுவதும் குண்டு வழியாகப் போகும்.

ஏபிஎஸ் வண்டி என்றால் பேரிங்கின் ஒரு பக்கத்து சீலில் காந்தம் இருக்கலாம். பேப்பர் கிளிப்பை மெல்ல ஒட்டிப் பாருங்கள், ஒட்டுகிற பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். தலைகீழாகப் போட்டால் எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடி முதலிலிருந்து. பேரிங் நழுவாமல் பிடிக்கும் சர்கிளிப்பைக் காடியில் சரியாக உட்காரவைக்க மறக்காதீர்கள்.

சென்னைக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பேரிங் வாங்கினாலும் சரி, வேறு எங்கே வாங்கினாலும் சரி, பில்லோடு வாங்குங்கள். எஸ்கேஎஃப், என்பிசி பெயரில் போலி டப்பாக்கள் சுற்றுகின்றன. பாதி விலை சொன்னாலே நடையைக் கட்டுங்கள். கெட்ட பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும், ஜோடியாக மாற்ற வேண்டியதில்லை.

படி 6: மாட்டுதல்

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஆக்சில் நட்டு மட்டும் புதிதாக வாங்குங்கள். வீல் தரையில் இறங்கும் முன்பே, ஒருவர் பிரேக் மிதிக்க, உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, முனையைக் குத்தி மடக்குங்கள். ஆக்சில் நட்டு இறுகாத நிலையில் வண்டியின் பாரம் பேரிங்மேல் விழக் கூடாது. இம்பாக்ட் கன்னால் அடித்து இறுக்குவதும் வேண்டாம்.

வண்டியை எடுக்கும் முன் பிரேக் பெடலைச் சில தடவை மிதித்துக் கெட்டியாக்குங்கள். காலிபரைப் பிரித்திருப்பதால் முதல் மிதியில் பெடல் உள்ளே போய்விடும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, அலைன்மெண்டும் செய்துவிடுங்கள்.