மூன்று சர்வர் செஃப் கிளஸ்டருக்கு இரட்டை நெட்வொர்க் பாதை அமைப்பது எப்படி?

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கடைவீட்டு மாடி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சர்வர்கள், அவற்றில் ப்ராக்ஸ்மாக்ஸ் (மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்), அதற்குள் செஃப் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒன்றாக்கும்) சேமிப்பகம். மூன்றும் சேர்ந்ததே கிளஸ்டர். ஒவ்வொரு தரவும் மூன்று பிரதிகளாக மூன்று சர்வரிலும் இருக்கிறது. ஒரு சர்வர் முழுதாகப் படுத்தாலும் வேலை நடக்கும். ஆனால் மூன்றும் ஒரே ஸ்விட்சில் தொங்கினால், அந்த ஸ்விட்ச் நின்றதும் சர்வர்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது, எல்லாம் உறைந்துவிடும். மூன்று பிரதிக்குச் செலவழித்த பணம் அப்போது கைகொடுக்காது.

சர்வருக்கு இரண்டு போர்ட் இருந்தால் ஒன்றைச் செஃப்பின் பப்ளிக் நெட்வொர்க்குக்கும் (விஎம்கள் தரவைப் படித்து எழுதும் பாதை) மற்றதைக் கிளஸ்டர் நெட்வொர்க்குக்கும் (சர்வர்கள் தங்களுக்குள் பிரதிகளை அனுப்பும் பாதை) பிரித்துக் கொடுப்பவர்கள் அதிகம். அது இரட்டைப் பாதை ஆகாது. எது அறுந்தாலும் சிக்கல் என்னும்படி இரண்டு ஒற்றைப் பாதைகள்தான் அங்கே இருக்கின்றன. கிளஸ்டர் பக்கம் மட்டும் அறுந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஓஎஸ்டிகள் (ஒவ்வொரு டிஸ்க்கையும் கவனிக்கும் செஃப் நிரல்கள்) ஒன்றையொன்று 'செத்துவிட்டது' என்று புகார் செய்யும், புகாருக்கு ஆளானது 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று மானிட்டரிடம் (கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் செஃப் நிரல்) சொல்லும், இப்படியே மாறி மாறி விழுந்து எழும். சிறிய அமைப்பில் இரண்டு போர்ட்டையும் ஒரே பாண்டாக, அதாவது ஒரே இணைப்புபோல நடக்கும்படி, கட்டி, இரு நெட்வொர்க்கையும் அதன்மேல் ஓடவிடுங்கள்.

பொருள்கள்

10 கிகாபிட் ஸ்விட்ச் 2, சர்வருக்கு இரண்டு எஸ்எஃப்பி+ (10 கிகாபிட் மாட்யூல் அல்லது கேபிள் சொருகும்) போர்ட், 1 மீட்டர் டிஏசி (இரு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் செம்பு) கேபிள் 7. மாற்றுக்கு இன்னொரு கேபிளும் வாங்கி வையுங்கள். மைக்ரோடிக் சிஆர்எஸ்305இல் எஸ்எஃப்பி+ போர்ட் 4 உண்டு: சர்வர்களுக்கு 3, ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் இடையே 1. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. நான்காவது சர்வர் வரும் எண்ணம் இருந்தால் இப்போதே 8 போர்ட் உள்ளதை வாங்குங்கள்.

1 கிகாபிட் போதாதா? அதில் நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட்தான் போகும். ஒரே ஒரு சாட்டா எஸ்எஸ்டி அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் தரும்.

ஆர்ஜே45 (சாதாரண நெட்வொர்க் கேபிள் சொருகும்) வகை 10 கிகா மாட்யூல்களைத் தவிருங்கள். கடுமையாகச் சூடாகும்; விசிறி இல்லாத ஸ்விட்சும் கோலாலம்பூர் வெக்கையும் அதற்குத் தோதல்ல.

மின்சாரமும் கேபிளும்

இரண்டு ஸ்விட்சையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகினால் இரண்டு வாங்கியதற்கே பொருளில்லை. இங்கே மாலை இடிமழையில் இஎல்சிபி (மின்கசிவுத் தடுப்பான்) விழுவது அடிக்கடி நடக்கும். ஸ்விட்ச் ஏ ஒரு யூபிஎஸ்ஸில், ஸ்விட்ச் பி இன்னொரு யூபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

ஒவ்வொரு சர்வரின் முதல் போர்ட்டை ஏ-க்கும் இரண்டாவதை பி-க்கும் இணையுங்கள். பிறகு ஏ-க்கும் பி-க்கும் இடையே ஒரு கேபிள். இந்த ஏழாவது கேபிளை மறப்பவர்கள்தான் அதிகம். சர்வர் 1-க்கு ஏ பக்கக் கேபிள் மட்டும் போனால் அது பி-க்கு மாறிவிடும். மற்ற இரண்டும் ஏ-யிலேயே இருக்கும். இடையில் பாலம் இல்லாவிட்டால் சர்வர் 1 தனித்தீவாகிவிடும். 'ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்' என்று இரண்டு கேபிள் போடவும் கூடாது. எஸ்டிபி (வளையத்தைக் கண்டு தடுக்கும்) வசதி இல்லாத ஸ்விட்சுகளில் அது வளையமாகி நெட்வொர்க்கையே மூழ்கடித்துவிடும்.

பாண்ட் கட்டுதல்

ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டர் என்றால் முதலில் செஃப் பகுதியின் ஓஎஸ்டி பக்கத்தில் 'நோஅவுட்' கொடியை (நின்ற ஓஎஸ்டியைக் கணக்கிலிருந்து நீக்காதே என்ற அமைப்பு) ஏற்றுங்கள். ஒரு சர்வரை முடித்து, எல்லா ஓஎஸ்டியும் எழுந்துவிட்டதா, பிஜிக்கள் (செஃப் தரவைப் பிரித்துவைக்கும் குழுக்கள்) ஆக்டிவ்+கிளீன் ஆனதா என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கொடி ஏறியிருப்பதால் மஞ்சள் எச்சரிக்கை இருக்கத்தான் செய்யும்; முடிந்ததும் இறக்கிவிடுங்கள்.

சர்வரின் சிஸ்டம், நெட்வொர்க் பக்கத்தில் கிரியேட், லினக்ஸ் பாண்ட். ஸ்லேவ்ஸ் இடத்தில் இரண்டு 10 கிகா போர்ட்டின் பெயர்கள். அந்தப் போர்ட்டுகளில் தனியாக ஐபி எதுவும் இருக்கக்கூடாது. மோட்: ஆக்டிவ்-பேக்கப் (ஒரு போர்ட் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும்). பாண்ட்-பிரைமரி: மூன்று சர்வரிலும் ஏ-க்குப் போகும் போர்ட். அப்போது சாதாரண நாளில் எல்லாப் போக்குவரத்தும் ஏ-க்குள்ளேயே முடியும், பாலத்தில் நெரிசல் இருக்காது. ஐபி 10.10.10.11/24, அடுத்தவை .12, .13. கேட்வே காலியாகவே இருக்கட்டும். கடைசியில் அப்ளை.

எல்ஏசிபி (ஸ்விட்சோடு பேசி இரண்டு போர்ட்டையும் ஒன்றாக்கும் மோட்) போட்டால் இரண்டு போர்ட்டின் வேகமும் கிடைக்குமே என்று தோன்றும். ஒன்றோடொன்று பேசி ஒரே ஸ்விட்ச்போல நடிக்கத் தெரிந்த ஸ்விட்சுகளில்தான் அது இரண்டிலும் பரந்து வேலை செய்யும். தனித்தனி ஸ்விட்சுகளுக்கு ஆக்டிவ்-பேக்கப்தான் சரி. ரவுண்ட்-ராபின் (பாக்கெட்டுகளை இரு போர்ட்டிலும் மாற்றி மாற்றி அனுப்பும் மோட்) பக்கமே போகாதீர்கள்; பாக்கெட்டுகள் வரிசை மாறி வந்து வேகத்தைக் குறைக்கும்.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) தொடக்கத்தில் 1500 ஆகவே இருக்கட்டும். 9000 வேண்டுமென்றால் எல்லாச் சர்வரிலும், இரண்டு ஸ்விட்சின் எல்லாப் போர்ட்டிலும், பாலத்திலும் மாற்றவேண்டும். ஒரு போர்ட் விட்டுப்போனால் சின்னப் பிங் போகும், பெரிய பாக்கெட் தொலையும், செஃப் காரணம் சொல்லாமல் தொங்கும். பாக்கெட்டைத் துண்டாக்கக்கூடாது என்ற தேர்வோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். இரண்டு பாதையிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

கோரோசிங்க்

சர்வர்கள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ப்ராக்ஸ்மாக்ஸ் பயன்படுத்தும் நிரல் இது. இதை 10 கிகா பாண்டில் மட்டும் விடாதீர்கள். செஃப் பிரதிகளைச் சரிசெய்யும்போது பாதை நிரம்பி, கோரோசிங்கின் சிறு செய்திகள் தாமதமாகும். எச்ஏ (ஒரு சர்வர் விழுந்தால் அதன் விஎம்களை வேறு சர்வரில் எழுப்பும் வசதி) இயங்கினால் நல்ல சர்வரே தன்னை ரீபூட் செய்துகொள்ளும். மதர்போர்டின் 1 கிகா போர்ட் லிங்க் 0, பாண்ட் லிங்க் 1. மாறிக்கொள்ளும் வேலையைக் கோரோசிங்கே பார்த்துக்கொள்ளும்.

பிடுங்கிப் பாருங்கள்

ஒரு விஎம்முக்குள் பெரிய கோப்பை நகலெடுக்க விட்டு, சர்வர் 1-இன் ஏ கேபிளைப் பிடுங்குங்கள். பிங்கில் ஒன்றிரண்டு தவறலாம், நகல் நிற்கக்கூடாது. ஓஎஸ்டி மறுமொழிக்குச் செஃப் இயல்பாக 20 நொடி பொறுக்கும். பாண்ட் அதற்கு வெகு முன்பே மாறிவிடும். திரும்பச் சொருகியபின் ஏ-யின் மின்சாரத்தையே நிறுத்துங்கள். சொருகிய சில நொடியில் மட்டும் தடங்கல் வந்தால், ஸ்விட்சின் எஸ்டிபி அந்தப் போர்ட்டை இன்னும் திறக்கவில்லை என்று பொருள்: சர்வர் போர்ட்டுகளை எட்ஜ் (மறுமுனையில் ஸ்விட்ச் இல்லாத போர்ட்) என்று குறியுங்கள்.

பாண்டின் ஒரு கால் (ஒரு போர்ட்டின் பாதை) போனாலும் செஃப் 'ஹெல்த் ஓகே' என்றே காட்டும். மற்றக் காலும் போகும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் கெர்னலின் பாண்ட் நிலைக் கோப்பில் 'எம்ஐஐ ஸ்டேட்டஸ்: அப்' என்ற வரியை எண்ணும் சிறு ஸ்கிரிப்டை 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். பாண்டுக்கு ஒன்று, போர்ட்டுகளுக்கு இரண்டு, ஆக 3 இருக்கவேண்டும். 2 என்றால் மின்னஞ்சல் வரட்டும். வந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு ஸ்விட்ச் போர்ட்டை, கடைசியாகக் கார்டை.