அக்ரோபோரா நுனி வெளுத்தபோது செய்தது

என் கடல்நீர் மீன்தொட்டியில் இருக்கும் அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் நுனிகள் வெளுக்கத் தொடங்கியதும் நண்பர்கள் விளக்கைத்தான் சந்தேகப்பட்டார்கள், ஆனால் தண்ணீரைச் சோதித்தால் ஆல்கலினிட்டி (பவளம் கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டுகளின் அளவு) 11 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) என்று அதிகமாக இருந்தது, பவளத்துக்குச் சத்தாகும் நைட்ரேட்டோ பூஜ்யம். இரண்டும் சேர்ந்தால் நுனியில் திசு அழிந்து இப்படி வெளுக்கும், இதைத்தான் நுனி கருகுவது என்பார்கள். சுண்ணாம்புக்கூடு வளரும் வேகத்துக்குச் சத்தில்லாத திசு ஈடுகொடுக்க முடிவதில்லை என்பது என் கணிப்பு. மருந்து எதுவும் ஊற்றவில்லை. டோசிங்கை, அதாவது ஆல்கலினிட்டிக்காகத் தினமும் ஊற்றும் கரைசலைக் குறைத்து, நாளுக்கு அரை டிகேஹெச்சுக்கு மேல் இறங்காமல் மெதுவாக 8க்குக் கொண்டுவந்தேன் (கடல்நீரிலேயே 7 அளவில்தான் இருக்கும்), மீன் தீனியைக் கொஞ்சம் கூட்டி நைட்ரேட்டை 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) வரை ஏற விட்டேன். அப்புறம் அந்தக் கரைசலை டோசிங் பம்பில் (தானாக ஊற்றும் கருவி) நாள் முழுக்கச் சிறுசிறு அளவாகப் பிரித்துவிட்டேன். இதுதான் முக்கியம், ஏனென்றால் எண் சற்று முன்பின் இருந்தாலும் அக்ரோபோரா சமாளிக்கும், ஏறி இறங்கினால் தாங்காது. சோதனையும் தினமும் ஒரே நேரத்தில். திசு மறுபடி படர்ந்துவிட்டது, பாசி பிடித்த நுனிகளை மட்டும் வெட்டி எடுத்தேன்.