'91 டேஸ்' அனிமே: நட்பு, குடும்பம், விசுவாசம் மூன்றையும் பின்தொடர்ந்து பார்ப்பது எப்படி?

குற்றக் கதை அனிமேக்களில் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில்) எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது '91 டேஸ்'. 2016-இல் வந்தது. மொத்தம் 12 எபிசோடுகள்தான். மங்கா என்ற ஜப்பானியக் காமிக்ஸைத் தழுவியதல்ல, அனிமேக்காகவே எழுதப்பட்ட கதை. ஷூகா ஸ்டூடியோ தயாரிப்பு, ஹிரோ கபுராகி இயக்கம், தாகு கிஷிமோதோ திரைக்கதை.

பலரும் இதைப் பழிவாங்கும் கதை என்று மட்டும் நினைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் நடப்பதில் பாதிதான் கண்ணில் படும். சொந்தக் குடும்பத்தை இழந்தவன் தன் எதிரியின் குடும்பத்துக்குள் நுழைந்து, அங்கே நண்பனாகவும் தம்பியாகவும் ஆகிப்போகிற கதை இது. அதைத் தவறவிடாமல் பார்ப்பதற்கான வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

ஒரு எச்சரிக்கை. நான்காம் படி வரை முதல் இரண்டு எபிசோடுகளின் நிகழ்வுகளும் நான்காவது எபிசோடின் பயணமும் மட்டுமே வரும். ஐந்தாம் படியைப் படிக்கும் முன் ஏழாவது எபிசோடைப் பார்த்துவிடுங்கள். ஆறாம் படி முழுத் தொடரையும் முடித்தவர்களுக்கு.

படி 1: காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதை நடப்பது அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்தில். அங்கே 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை மதுவிலக்கு. மதுவைத் தயாரிப்பது, விற்பது, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது எல்லாம் குற்றம். குடிப்பதை மட்டும் மதுவிலக்கைக் கொண்டுவந்த அரசியல் சட்டத்திருத்தம் தடை செய்யவில்லை. குடிக்க ஆள் இருக்கிறது, விற்கச் சட்டத்தில் இடமில்லை. இந்த இடைவெளியில்தான் கள்ளச் சாராயம் காய்ச்சுபவர்களும், ரகசிய மதுக்கூடங்களும், அவற்றைக் கட்டி ஆளும் மாஃபியா குடும்பங்களும் முளைத்தார்கள். சிகாகோவில் அல் கபோன் என்ற கும்பல் தலைவன் கொடிகட்டிப் பறந்ததும் இந்தக் காலத்தில்தான்.

இதை ஏன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்? சட்டத்துக்கு வெளியே நடக்கும் வியாபாரத்தில் ஒருவன் உங்களை ஏமாற்றினால் நீங்கள் கோர்ட்டுக்குப் போக முடியாது. பத்திரம் கிடையாது, ரசீது கிடையாது. 'இவன் நம்ம ஆளு' என்ற நம்பிக்கைதான் மொத்த முதலீடும். அதனால்தான் இந்த உலகத்தில் ரத்த உறவுக்கும், கல்யாண சம்பந்தத்துக்கும், கொடுத்த வாக்குக்கும் அவ்வளவு விலை. துரோகத்துக்குத் தண்டனை மரணமாக இருப்பதும் இதனால்தான். சரக்கு போனால் மறுபடி காய்ச்சிக்கொள்ளலாம். நம்பிக்கை போனால் குடும்பமே கவிழ்ந்துவிடும். இது மனதில் இருந்தால், பின்னால் ஒவ்வொருவரும் எடுக்கிற கொடூரமான முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், புரியாமல் போகாது.

படி 2: மூன்று குடும்பங்களை ஒரு தாளில் வரையுங்கள்

கதை நடக்கும் லாலெஸ் ஒரு கற்பனை ஊர். அங்கே வனெட்டி, ஓர்கோ என்று இரண்டு குடும்பங்கள் மோதிக்கொள்கின்றன. இவர்களைவிடப் பல மடங்கு பெரியது சிகாகோவைச் சேர்ந்த கலாசியா குடும்பம்.

வனெட்டி குடும்பத்தை மட்டும் கொஞ்சம் விரிவாக வரைந்துகொள்ளுங்கள். தலைவர் வின்சென்ட், வயதாகி நோயில் விழுந்தவர். மூத்த மகன் நேரோ. தம்பி ஃப்ராத்தே. சகோதரி ஃபியோ, அவளைக் கட்டிக்கொண்ட ரொனால்டோ கலாசியா ஆள். அந்தக் கல்யாணமே ஒரு ஒப்பந்தம்தான். நேரோவோடு சிறு வயதிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் தோழன் வன்னோ. கணக்கும் யோசனையும் பார்க்கும் ஆள் பார்பெரோ.

பெயர்கள் எல்லாம் இத்தாலியப் பெயர்கள், முதலில் குழப்பும். முதல் இரண்டு எபிசோடுகளுக்கு இந்தத் தாளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேவைப்படாது.

படி 3: முதல் எபிசோடை அவசரப்படாமல் பாருங்கள்

ஒரே இரவில் ஆஞ்சலோ லகூசா என்ற சிறுவனின் அப்பா, அம்மா, குட்டித் தம்பி லூச்சே மூவரும் கொல்லப்படுகிறார்கள். அவன் மட்டும் தப்பி ஓடுகிறான். ஏழு வருடம் கழித்து அவனுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது, கொன்றவர்களின் பெயர்களோடு. அவன் அவிலியோ புரூனோ என்ற பொய்ப் பெயரோடு ஊர் திரும்பி, பழைய தோழன் கோர்தேயோவைத் தேடிப் போகிறான். கோர்தேயோ நல்ல சாராயம் காய்ச்சத் தெரிந்தவன். அந்தச் சாராயத்தைச் சாக்காக வைத்துத்தான் அவிலியோ வனெட்டி குடும்பத்தின் வாசலை மிதிக்கிறான்.

இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, அந்தக் கொலை இரவில் ஓடும் சிறுவனைத் துரத்திப் போனவர்களில் இளம் நேரோவும் ஒருவன். அவன் கையில் துப்பாக்கி இருந்தும் பையன் உயிரோடு தப்பினான். இதைத் தொடர் கடைசிவரை மறப்பதில்லை, நீங்களும் மறக்காதீர்கள்.

இரண்டு, அவிலியோ திரும்பி வந்ததும் கோர்தேயோ நடந்துகொள்கிற விதம். அவனுக்கு இந்த வேலையில் துளியும் விருப்பமில்லை. பயந்த சுபாவம். இருந்தும் நண்பன் கேட்டான் என்பதற்காகப் போகிறான். தொடர் முழுக்க எந்தப் பிரதிபலனும் எதிர்பார்க்காமல் இன்னொருவனுக்காக நிற்பவன் என்று நான் யோசிக்காமல் கைகாட்டுவது இவன் ஒருவனைத்தான். அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஸோமா ஸைதோ. ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பாருங்கள். கோர்தேயோவின் தயக்கம் முழுவதும் அந்தக் குரலில்தான் இருக்கிறது.

படி 4: நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒவ்வொரு எபிசோடு முடிந்ததும் மூன்று கேள்விகளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: யார் இழந்தது? எந்த உறவை இழந்தது? அந்தக் காலி இடத்தில் இப்போது யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்?

முதல் இரண்டு கேள்விகளை எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவதுதான் இந்தத் தொடரின் பூட்டைத் திறக்கும். இரண்டாவது எபிசோடை வைத்துச் செய்து காட்டுகிறேன்.

அந்த எபிசோடின் முடிவில் அவிலியோ வன்னோவைக் கொல்கிறான். பழி ஓர்கோ ஆளான செர்பென்ட்டேமீது விழும்படி பார்த்துக்கொள்கிறான். கடிதத்தில் இருந்த பெயர்களில் ஒன்று கழிந்தது. பழிவாங்கும் கணக்காகப் பார்த்தால் விஷயம் இதோடு முடிந்தது.

இப்போது நோட்டில் எழுதுங்கள். யார் இழந்தது? நேரோ. எந்த உறவை? உயிர்த் தோழனை. அந்த இடத்தில் இப்போது யார்? அவிலியோ.

மூன்றாவது பதிலை எழுதும்போதுதான் வயிற்றில் ஏதோ செய்யும். தோழனை இழந்த நேரோவுக்கு ஆறுதலாகப் பக்கத்தில் நிற்பவன், தோழனைக் கொன்றவன். கூட இருந்தே குழி பறிப்பது என்போமே, அதுதான். நேரோ இயல்பிலேயே யாரையும் கிட்டே சேர்த்துக்கொள்ளும் ஆள், கலகலப்பானவன். அந்தக் குணம்தான் அவனைப் பிடிக்க வைக்கிறது, அதுவேதான் அவனை மாட்டி விடுகிறது.

நான்காவது எபிசோடில் இருவரும் ஊரைவிட்டுத் தலைமறைவாகக் காரில் போகிறார்கள். முதல்முறை பார்ப்பவர்கள் 'இதில் கதை நகரவே இல்லையே' என்று ஓட்டிவிடுவதுண்டு. தயவுசெய்து ஓட்டாதீர்கள். குடும்பத் தொழில், தலைவன் மகன் என்ற பாரம் எல்லாம் ஊரிலேயே நின்றுவிட, ஒரு காரும் இரண்டு இளைஞர்களும் மட்டும் மிச்சம். இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருவன் உயிரை மற்றவன் காப்பாற்ற வேண்டியதாகிறது. அவிலியோவின் முகத்தையே பாருங்கள். எங்கே அவன் நடிக்கிறான், எங்கே நடிப்பதை மறந்துவிடுகிறான் என்று கோடு போட முயன்று பாருங்கள். எனக்கு அந்தக் கோடு கிடைக்கவில்லை. பொய்யாகத் தொடங்கிய நட்பு எந்த நிமிடத்தில் மெய்யானது என்று அவனுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

படி 5: ஏழாவது எபிசோடில் நிறுத்துங்கள்

இதற்குள் ஓர்கோ குடும்பத்தில் ஃபாங்கோ என்ற வெறியன் தன் தலைவனையே கொன்று ஆட்சியைப் பிடித்திருப்பான். ஆறாவது எபிசோடின் அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சி மிகக் கொடூரமானது, சிறுவர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம். விசுவாசம் என்ற ஒன்றே இல்லாத மனிதன் எப்படி இருப்பான் என்பதற்கு ஃபாங்கோதான் உதாரணம்.

ஏழாவதில் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் வருகிறார்கள். 'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த எபிசோடு கூடுதலாக வலிக்கும். ஃப்ராத்தே கெட்டவன் அல்ல. அண்ணனின் நிழலிலேயே வளர்ந்து, யாரும் தன்னைப் பொருட்படுத்தவில்லை என்று வெந்தவன். கலாசியாவைப் பகைத்தால் குடும்பம் அழிந்துவிடும் என்று உண்மையாகவே பயப்படுகிறான். அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நேரோவோ குடும்பத்தின் மானத்தை விட்டுக்கொடுக்க மாட்டான். இரண்டு பேரும் சொல்வது ஒன்றைத்தான்: குடும்பத்துக்காக. இடையில் நின்று காய் நகர்த்துகிறவன் அவிலியோ. கடைசியில் நேரோ தன் கையாலேயே தம்பியைச் சுட்டுக் கொல்கிறான்.

நோட்டை எடுங்கள். இழந்தது நேரோ, தம்பியை. அந்த இடத்தில் இப்போது யார்?

பதிலை எழுதிவிட்டு முதல் எபிசோடின் லூச்சேயை நினைத்துக்கொள்ளுங்கள். தம்பியைப் பறிகொடுத்தவன் இன்னொருவனின் தம்பியைப் பறித்துவிட்டு, அவனுக்கே தம்பியாகி நிற்கிறான். இவ்வளவு நுட்பமாக வைத்த வில்லங்கம் வேறு குற்ற அனிமேக்களில் எனக்குத் தென்பட்டதில்லை.

அடுத்து வரும் 7.5 என்பது பழைய காட்சிகளின் தொகுப்புதான், தாராளமாகத் தாண்டலாம். நடு எபிசோடுகளில் ஓவியத் தரம் அங்கங்கே தடுமாறுவதும் உண்மை. அதற்காக விட்டுவிடாதீர்கள்.

படி 6: பிற்பாதியை கோர்தேயோவின் பக்கமிருந்து பாருங்கள்

இதுவரை நோட்டில் நேரோவின் இழப்புகளாகவே எழுதிவந்திருப்பீர்கள். இப்போது புதுப் பக்கம் திருப்பி கோர்தேயோ பெயரைப் போடுங்கள். நேரோவின் பக்கத்தில் அவிலியோ நெருங்க நெருங்க, கோர்தேயோவுக்குத் தன் நண்பனின் பக்கத்தில் இடம் இல்லாமல் போகிறது. நண்பனை அங்கிருந்து மீட்க நினைத்து அவன் ஃபாங்கோவிடம் போகிறான். வனெட்டி குடும்பத்துக்கு அது துரோகம். அவன் மனதில் அது விசுவாசம். ஒரே செயலுக்கு இரண்டு பெயர்! அவனைத் துரோகி என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. பயந்த சுபாவமுள்ள ஒருவன் நண்பனுக்காக எவ்வளவு தூரம் போனான் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

பிறகு, தான் யார் பக்கம் என்று நிரூபிக்க வேண்டிய கட்டத்தில் அவிலியோ கோர்தேயோவைச் சுடுகிறான். இங்கே மூன்றாவது கட்டத்தை நிரப்பப் பாருங்கள். காலியான இடத்தில் யாரும் இல்லை. வன்னோவின் இடத்துக்கு ஆள் வந்தது, ஃப்ராத்தேயின் இடத்துக்கு ஆள் வந்தது, கோர்தேயோவின் இடத்துக்கு வர யாருமே கிடையாது. செத்த குடும்பத்துக்காகக் கிளம்பியவன், உயிரோடு இருந்த ஒரே சொந்தத்தைத் தானே முடித்துவிட்டான். அதற்குப் பின் பழிவாங்கல் நிறைவேறினாலும் அதைப் போய்ச் சொல்ல அவனுக்கு ஆளில்லை. அதனால்தான் கடைசி எபிசோடில் அவன் அவ்வளவு வெறுமையாக இருக்கிறான்.

கடைசிக் காட்சியில் என்ன ஆனது என்று தொடர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஒரு துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும். அவிலியோ செத்தான், சாகவில்லை என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். அந்த விவாதங்களைப் படிப்பதற்கு முன் உங்கள் நோட்டை முதலிலிருந்து ஒருமுறை புரட்டிவிட்டு, நேரோவுக்கு அந்த நேரத்தில் மிச்சமிருந்த உறவு எது என்று எழுதுங்கள். அவன் சுட்டிருப்பானா இல்லையா என்பதற்கு உங்கள் பதில் அந்த வரியிலிருந்து வரட்டும். அப்புறம் 13-ஆவதாக வந்த சிறப்பு எபிசோடைப் பாருங்கள், முன்னால் பார்த்துவிடாதீர்கள்.