சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மனம் சோர்ந்தால் எங்கே போவது?

இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ இங்கே வந்து குடியேறுபவர்கள் வாடகை வீடு, சிம் கார்டு, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். தூக்கமில்லாமல் கிடப்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. தனியார் ஆலோசகரிடம் ஒரு அமர்வுக்கே பல இடங்களில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பேர்பெற்றவர் என்றால் காத்திருக்கவும் வேண்டும். அதுவரை பொறுக்காதீர்கள், பயிற்சியில் இருக்கும் உளவியலாளர்களிடம் போங்கள்.

பயிற்சி என்றதும் தயங்க வேண்டாம். உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த மருத்துவ உளவியல் மேற்படிப்பில் இருப்பவர்கள் இவர்கள். முதல் நாள் உங்கள் கதையை முழுதாகக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். அதை மூத்த உளவியலாளரிடம் கொண்டுபோய், எந்த வழியில் சிகிச்சை தருவது என்று பேசி முடிவுசெய்வார்கள். உங்கள் ஒருவருக்காக இரண்டு பேர் யோசிக்கிறார்கள். அவசரமில்லாமல் கேட்பதில் இவர்களுக்கு இருக்கும் அக்கறையை நான் பெரிதாக மதிக்கிறேன். மாத்திரை மட்டும் இவர்கள் எழுத முடியாது. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

போரூர் ராமச்சந்திரா மருத்துவமனையில் மருத்துவ உளவியல் துறை எங்கே என்று கேளுங்கள். கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. கையில் காசே இல்லை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 1794இல் தொடங்கிய நிறுவனம் அது. காலையிலேயே போய் ஓ.பி. (வெளிநோயாளர்) சீட்டு போடுங்கள். மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் பார்ப்பார்கள். ஊரில் சிலர் கீழ்ப்பாக்கம் என்றாலே கேலி பேசுவார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்பது வேறு: "இங்கே சொன்னது போலீசுக்குப் போகுமா, விசாவில் கை வைப்பார்களா?" முகாமிலும் போரிலும் பட்டதை வாய்திறந்து சொல்ல முடியாமல் வைத்திருப்பவர்களுக்கு இது நியாயமான பயம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் நோய், சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில்தான் விலக்கு உண்டு. அரசு மனநல சேவையைப் பெறும் உரிமையும் அதே சட்டத்தில் 'ஒவ்வொரு நபருக்கும்' என்றே இருக்கிறது. பேச்சைப் பதிவுசெய்யலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சு அவர்களுக்குப் பிடிபடவில்லை என்றால் திரும்பச் சொல்லுங்கள், கூச்சப்பட எதுவுமில்லை.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்கக் கூடாது. அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலிமானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்கும் இலவச எண், தமிழில் பேசலாம். 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காகவே செயல்படும் சினேகா அமைப்பின் எண் 044-24640050.

முதல் சந்திப்பிலேயே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: உங்களுக்கு மேற்பார்வையாளர் யார், எத்தனை மாதம் இந்தத் துறையில் இருப்பீர்கள், நீங்கள் போனபின் என்னை யார் பார்ப்பார்? பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நன்றாகப் பழகியவர் போகும்போது மனம் கனக்கும். அதனால் கடைசி அமர்வுக்கு முன்பே புதியவரை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லும் பாரம் குறையும்.