எண்ணெய்க் கிணற்றுச் சேவைக் கப்பல் பங்குகள்: வாங்கும் காலமும் விற்கும் காலமும்

தக்காளி விலை ஏறினால் பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் எல்லாரும் நாற்று நடுகிறார்கள்; காய் மண்டிக்கு வரும்போது விலை விழுந்திருக்கும். நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சரக்கும் தளவாடமும் கொண்டுபோகும் கப்பல்களின் தொழிலும் அப்படித்தான். நாள் வாடகை ஏறும்போது ஆர்டர் கொடுத்த கப்பல் கட்டி வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் வேலை குறைந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது கடன். 2014 ஜூனில் பீப்பாய்க்கு 115 டாலரைத் தொட்ட பிரெண்ட் (உலக விலைக்கு அளவுகோலான வகை) கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. இத்துறையின் பெரிய கம்பெனிகளில் ஒன்றான அமெரிக்காவின் டைட்வாட்டர் 2017 மே மாதம் திவால் மனு போட்டது. கம்பெனி பிழைத்தது. ஆனால் பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சியது புதிய பங்குகளில் 5 சதவீதமும் சில வாரன்ட்டுகளும் (குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கும் உரிமை) தான். சந்தை திரும்பும் என்று சரியாகக் கணித்தவர்களும் பணத்தை இழந்தார்கள். அதனால் ஆண்டறிக்கையில் அடுத்த இரண்டு ஆண்டில் கட்ட வேண்டிய அசலையும் வட்டியையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் கப்பல்கள் சும்மா நின்றாலும் கையிருப்பும் கையெழுத்தான ஒப்பந்தங்களும் அதைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் பங்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து, ஒரு கப்பலுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். சந்தை மதிப்பு (எல்லாப் பங்குகளின் மொத்த விலை) 1,200 கோடி, நிகரக் கடன் (கையிருப்பைக் கழித்த கடன்) 600 கோடி, கப்பல்கள் 20 என்றால், இரண்டையும் கூட்டி வகுத்தால் கப்பலுக்கு 90 கோடி. அதே வயது, அதே அளவுள்ள பழைய கப்பல் விற்கும் விலையோடு இதை ஒப்பிடுங்கள். பாதிக்குக் கிடைத்தால் கவனிக்கலாம்.

பி.இ. விகிதம் (பங்கு விலையை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்தது) இங்கே ஏமாற்றும். நாள் வாடகை 20,000 டாலர், மாலுமிச் சம்பளம், பராமரிப்பு, காப்பீடு 10,000 டாலர் என்று வையுங்கள். வாடகை 30 சதவீதம் குறைந்து 14,000 ஆனால் லாபம் 60 சதவீதம் போய்விடும். ஆகவே லாபம் பெருத்திருக்கும் உச்சத்தில்தான் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும்.

நம் நாட்டில் சீமெக் என்ற கம்பெனி பெரும்பாலும் இந்தத் துறையில் இருக்கிறது. கிரேட் ஈஸ்டர்ன் ஷிப்பிங்கின் துணை நிறுவனமான கிரேட்ஷிப்பும் இதே வேலைதான் செய்கிறது. ஆனால் தாய்க் கம்பெனியில் டேங்கர் தொழிலும் கலந்திருப்பதால் தூய பந்தயம் அல்ல. இங்கே பெரிய வாடிக்கையாளர் அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. என்பதால் ஒரே டெண்டர் ஒரு வருடக் கணக்கையே மாற்றிவிடும். மேற்குக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை. கட்டுமான வேலை சுருங்கும், பல கப்பல்கள் டிரை டாக் (தண்ணீரை வடித்து அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் தளம்) போகும். ஐந்தாண்டுக்கு இரண்டு முறை டாக் உண்டு. அந்த நாட்களில் வருமானமில்லை, செலவு மட்டும். எனவே பருவமழைக் காலாண்டை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

வெளிநாட்டுப் பங்குகளுக்கு எல்.ஆர்.எஸ். (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டம்) வழியில் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப மறக்க வேண்டாம்.

மாந்தோப்புக் குத்தகைப் பணமோ ஓசூர் ஆலை போனஸோ மொத்தமாகக் கையில் வந்தாலும், முதலீட்டில் 5 சதவீதத்துக்கு மேல் இதில் போடக்கூடாது என்பது எங்கள் கருத்து. அதையும் நான்கு தவணையாகப் பிரியுங்கள். கச்சா விலை ஏறிய உடனே கப்பல் வாடகை ஏறாது. எண்ணெய்க் கம்பெனி பட்ஜெட் போட்டு, ரிக் (கிணறு தோண்டும் மேடை) அமர்த்தி, பிறகுதான் கப்பல் தேடும். புது ஆர்டர் நின்று, பழைய கப்பல்கள் உடைக்கப் போகும் ஆண்டுகளில் முதல் இரண்டு தவணை. வாடகை இரண்டு காலாண்டு தொடர்ந்து ஏறினால் மீதி இரண்டு.

புதுக் கப்பல் ஆர்டர்கள் அடுத்தடுத்து வரத் தொடங்கினால் மூன்றில் ஒரு பங்கை விற்றுவிடுங்கள். உங்கள் கம்பெனியே கடன் வாங்கிக் கப்பல் கட்டக் கிளம்பினால் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. வாடகை இரண்டு காலாண்டு இறங்கினால் மிச்சமும்.