கார்பார்க் ஓரத்து மரத்துலயே மரங்கொத்தி கூடு பாக்கலாம், எப்படின்னு சொல்றேன்

சிங்கப்பூர்ல மரங்கொத்தி பாக்கணும்னா புக்கிட் தீமா காட்டுக்குள்ள போகணும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. நான் ஒரு கூட்டை, துளை போட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து குஞ்சு பறந்து போற வரைக்கும் முழுசா பாத்தது எங்க புளோக் கார்பார்க் ஓரத்துல நிக்கிற ஒரு மரத்துலதான். அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், பத்து இடத்துக்கு அலையாதீங்க, தினமும் வேலைக்குப் போற வழியில காஞ்ச கிளை இருக்கிற ஒரு மரத்தைப் புடிச்சு வச்சுக்கிட்டு அதையே திரும்பத் திரும்பப் பாருங்க.

முதல்ல யாரைப் பாக்கப் போறோம்னு தெரிஞ்சுக்கணும். நம்ம வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகள்ல அதிகமா இருக்கிறது சுந்தா பிக்மிங்கிற குட்டி மரங்கொத்தி, சிட்டுக்குருவி அளவுதான், பழுப்பும் வெள்ளையுமா கோடு கோடா இருக்கும், கிளையோட கிளையா ஒட்டிக்கிட்டா கண்ணுக்கே தெரியாது. அடுத்தது பொன்முதுகு மரங்கொத்தி, கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர், முதுகு தங்க நிறம், கத்திக்கிட்டே பறக்கும். பச்சை உடம்பு லேஸ்டு மரங்கொத்தியை பாசிர் ரிஸ், சுங்கை பூலோ மாதிரி அலையாத்திக் காட்டுப் பக்கம் போனா பாக்கலாம், இது அடிக்கடி தரையில இறங்கி எறும்பு தின்னும். பொன்முதுகுலயும் லேஸ்டுலயும் ஆணுக்குத் தலை உச்சி சிவப்பு, பெண்ணுக்குக் கருப்பு. இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க, கூட்டுக்கு முன்னாடி நிக்கிறப்ப இதுதான் ரொம்ப உதவும்.

தேடுறப்ப கண்ணை விட காதுதான் முக்கியம். காலையில 7 மணி சுமாருக்கு விடியுது இல்லையா, அதுலேர்ந்து ஒரு ரெண்டு மணி நேரம், ரோட்டுச் சத்தம் ஏறுறதுக்குள்ள போயிடுங்க. டர்ர்ர்னு ஒரே வேகத்துல ஒரு செகண்டு ரெண்டு செகண்டு அடிச்சு நிறுத்துச்சுன்னா அது "இது என் இடம்"னு சொல்றது, இல்ல ஜோடியைக் கூப்புடுறது. டொக், டொக்டொக், அப்புறம் கொஞ்சம் அமைதின்னு ஒழுங்கில்லாம வந்தா இரை தேடுது. நமக்கு வேண்டியது மூணாவது சத்தம், மெதுவா ஒரே இடத்துலேர்ந்து ரொம்ப நேரம் விடாம வரும், நடுவுல நின்னு மரத்தூளை வெளிய தள்ளும், திரும்ப ஆரம்பிக்கும். அதைக் கேட்டீங்கன்னா மேல பாக்காதீங்க, முதல்ல கீழ பாருங்க. மரத்தடியில புதுசா வெள்ளையா மரச்சில்லு சிதறிக் கெடந்தா நேர் மேலதான் துளை. பெரும்பாலும் காஞ்சுபோன கிளையில இருக்கும், சாஞ்ச கிளைன்னா அடிப்பக்கமா போட்டிருக்கும், மழைத்தண்ணி உள்ள இறங்காது.

ஒரு எச்சரிக்கை, குக்குறுவான்னு வேற ஒரு பறவையும் இதே மாதிரி காஞ்ச கிளையில வட்டமா துளை போடும், நம்ம ஊர்ல செம்மார்புக் குக்குறுவான் நிறைய இருக்கு. துளையை மட்டும் பாத்து முடிவு பண்ணாம, உள்ள போய் வர்ற பறவையைப் பாத்துட்டு எழுதி வைங்க. அப்புறம் செம்பழுப்பு மரங்கொத்தி ஒண்ணு இருக்கு, அது மரத்தையே துளைக்கிறதில்ல, கிளையில கருப்பா பந்து மாதிரி தொங்குற எறும்புக் கூட்டுக்குள்ள போய் முட்டை வைக்கும், எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆச்சரியம் தீரல.

துளை ஆழமாக ஆழமாக முதல்ல தலை மட்டும் உள்ள போகும், அப்புறம் பாதி உடம்பு, கடைசியில பறவை முழுசா உள்ள போய் திரும்பி, வாய் நிறைய மரத்தூளை எட்டிப் பாத்து வெளிய துப்பும். திடீர்னு ஒரு நாள் சத்தமே இருக்காது. இங்கதான் நிறைய பேரு கூட்டை விட்டுட்டுப் போயிடுச்சுன்னு நினைச்சு பாக்குறதை நிறுத்திடுறாங்க, நிறுத்தாதீங்க. அடைகாக்க ஆரம்பிச்சா ஆணும் பெண்ணும் மாறி மாறி உக்காரும், ராத்திரி பெரும்பாலும் ஆண்தான் உள்ள இருக்கும். சிவப்புத் தலை உள்ள போய் கொஞ்ச நேரத்துல கருப்புத் தலை வெளிய வந்துச்சுன்னா ஆள் மாறியாச்சு, நேரத்தைக் குறிச்சுக்குங்க. சுமார் ரெண்டு வாரம் இப்படிப் போகும். அப்புறம் வரவு போக்கு சட்டுன்னு கூடிடும், குஞ்சு பொரிச்சாச்சுன்னு அர்த்தம். பொன்முதுகும் லேஸ்டும் இரையை வயித்துல கொண்டு வந்து கக்கி ஊட்டும், அதனால வாயில ஒண்ணும் இல்லையேன்னு குழம்ப வேணாம், சின்ன பிக்மிதான் அலகுல பூச்சியைக் கவ்விக்கிட்டு வரும். கிட்டத்தட்ட மூணு நாலு வாரத்துல குஞ்சு துளை வாசல்ல தலையை நீட்டி கத்த ஆரம்பிச்சுடும்.

இப்ப தூரத்தைப் பத்தி சொல்லியே ஆகணும். என் முதல் கூட்டுல நான் மரத்துக்கு நேர் கீழயே நின்னுட்டேன், அம்மா பறவை பக்கத்து மரத்துல வந்து உக்காந்து கத்திக்கிட்டே இருந்துச்சு, உள்ள போகவே இல்ல, முக்கால் மணி நேரம் ஆச்சு எனக்குப் புரியறதுக்கு. குஞ்சு அவ்வளவு நேரம் பசியோட இருந்திருக்கும், இன்னும் நெஞ்சு உறுத்துது. இப்பல்லாம் 20 மீட்டராவது தள்ளி, ஒரு தூண் பின்னாடியோ பெஞ்சுலயோ உக்காந்துடுவேன், எட்டு மடங்கு கிட்டக் காட்டுற 8x42 பைனாகுலர் போதும். இரையோட வந்த பறவை உள்ள போகாம தயங்கி நின்னா நீங்க இன்னும் கிட்ட இருக்கீங்க, பின்னாடி போங்க. ஃபிளாஷ் வேணாம், போன்ல பறவைச் சத்தம் போட்டுக் கூப்புடுறது வேணவே வேணாம், படம் தெளிவா வரணும்னு கூட்டு முன்னாடி இருக்கிற இலையை ஒடிக்கவே ஒடிக்காதீங்க, அந்த இலைதான் வெயிலையும் காக்காவையும் மறைக்குது. சாப்பாடு வைக்கிறது இங்க சட்டப்படி குத்தம், வனவிலங்குச் சட்டம் 2020லேர்ந்து எல்லாக் காட்டு உயிருக்கும் பொருந்தும்.

குஞ்சு பறக்கிற வரைக்கும் இடத்தை வாட்சாப் குரூப்புல போடாதீங்க. கூட்டம் கூடிட்டா பறவைக்கு வேற வழியில்ல. அந்தக் கிளையை வெட்ட ஆளு வந்தா, உள்ள கூடு இருக்குன்னு அவங்ககிட்டயே சொல்லுங்க, தேசியப் பூங்காக் கழகத்துக்கும் போன் பண்ணுங்க.

குஞ்சு போனதும் போயிடாதீங்க. அந்தத் துளையில அடுத்து மைனாவோ கிளியோ குடிவரும், எங்க கார்பார்க் மரத்துல இப்ப ஒரு மைனா ஜோடி காஞ்ச புல்லைக் கவ்விக்கிட்டு உள்ள போயிட்டு வந்துட்டு இருக்கு.